அக்காவைப் பார்க்கப் போன அம்மா

2019 ஏப்ரல் 21, ஞாயிற்றுக்கிழமை. விளாத்திகுளத்தில் எங்கள் வீட்டு முற்றத்தில் வத்தல் குவிந்து கிடந்தது. அம்மா சாக்கை விரித்து உட்கார்ந்து சண்டு பொறுக்கிக்கொண்டிருந்தாள். காயும்போது சாயம் போய் வெளுத்துவிடுகிற வத்தலுக்கு எங்கள் பக்கம் சண்டு என்று பெயர். அது கலந்திருந்தால் கடையில் விலையைக் குறைத்துவிடுவார்கள். சிவப்புக் குவியலை அளைந்து, வெளுத்ததை மட்டும் எடுத்துச் சுளகில் போட வேண்டும். நெடி மூக்கில் ஏறும், விரல் நுனி எரியும். மூன்று நாளைக்கு முன்புதான் ஓட்டுப் போட்டிருந்தோம். நாடாளுமன்றத்துக்கு ஒன்று, விளாத்திகுளம் சட்டமன்ற இடைத்தேர்தலுக்கு ஒன்று. அம்மாவின் விரலில் ஓட்டு மையும் வத்தல் தூசியும் ஒன்றாக ஒட்டியிருந்தன.

உள்ளே டிவியில் கொழும்பு என்ற பேச்சு கேட்டதும் கை நின்றது. எழுந்து வந்து நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். கொச்சிக்கடை அந்தோனியார் கோயில், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டியில் செபஸ்தியார் கோயில், மட்டக்களப்பில் சீயோன் தேவாலயம், கொழும்பில் மூன்று பெரிய ஓட்டல்கள், எல்லா இடத்திலும் குண்டு வெடித்திருந்தது. ஈஸ்டர் பூசைக்கு வந்தவர்கள், காலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவர்கள், மட்டக்களப்பில் ஞாயிறு வகுப்புக்கு வந்த குழந்தைகள். இறந்தவர்கள் எண்ணிக்கை 260-ஐத் தாண்டியது. அதில் இந்தியர்களும் இருந்தார்கள். கர்நாடகத்தில் நாங்கள் ஓட்டுப் போட்ட அதே நாளில் தேர்தல் வேலை முடித்து, நாலு நாள் ஓய்வுக்கென்று கொழும்பு போன கட்சிக்காரர்களும் அதில் அடக்கம்.

அம்மா கேட்டது ஒன்றுதான். "ஹட்டன்ல ஒண்ணும் இல்லையே?"

ஹட்டனில் ஒன்றும் இல்லை. ஆனால் மே மாதம் 9-ஆம் தேதிக்கு ஹட்டன் போவதற்காக மதுரையிலிருந்து கொழும்புக்கு எங்கள் இருவருக்கும் டிக்கெட் எடுத்து வைத்திருந்தேன்.

அம்மாவின் அக்கா அங்கே இருக்கிறாள். டிக்கோயா பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டம். 1964 அக்டோபரில் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் கையெழுத்துப் போட்டார்களே, அந்த ஒப்பந்தம் பிரித்த குடும்பம் எங்களுடையது. ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், மூன்று லட்சம் பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்கும் என்பது கணக்கு. தாத்தா இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தார். பெரியம்மாவைக் கட்டியவர் வீட்டில் இலங்கைக்கு எழுதிக் கொடுத்தார்கள். 1972-இல் அம்மாவுக்கு 19 வயது. ஹட்டனிலிருந்து கோச்சி (ரயில்) ஏறி, தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்துவிட்டு, பங்காளிகள் விட்டுக்கொடுத்த மூன்று குறுக்கம் கரிசல் நிலத்துக்கு வந்து சேர்ந்தார்கள். தேயிலையும் பனியும் பார்த்து வளர்ந்த பெண் வைப்பாற்று மணலில் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் எடுக்கக் கற்றுக்கொண்டாள். அன்றைக்கு ஹட்டன் ஸ்டேஷனில் பார்த்ததுதான், அதற்குப் பிறகு அக்காவும் தங்கையும் நேரில் பார்க்கவில்லை.

ஏன் பார்க்கவில்லை என்று கேட்பவர்கள் உண்டு. முதல் பத்து வருஷம் காசு இல்லை. பிறகு 1983 கலவரம். கப்பலும் நின்றுபோனது. அப்புறம் 26 வருஷம் சண்டை. 2009-இல் அது முடிந்தபோது கூடவே மனமும் கசந்து கிடந்தது. 2011-இல் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பல் விட்டார்கள். அம்மா பாஸ்போர்ட்டுக்குக் கொடுத்து அது வருவதற்குள் அந்தக் கப்பலும் அதே வருஷம் நின்றுபோனது.

2012-இல் பெரியம்மா இங்கே வருவதாக இருந்தது. அண்ணன் (பெரியம்மாவின் மூத்த மகன்) தோட்டத்து ஆட்களோடு செப்டம்பரில் ஒரு யாத்திரைக் கோஷ்டி சேர்த்திருந்தார். வேளாங்கண்ணி, திருச்செந்தூர், அப்படியே விளாத்திகுளம். அம்மா வீட்டுக்கு வெள்ளையடித்தாள். அந்த நேரத்தில்தான் தஞ்சாவூர் பக்கம் பூண்டி மாதா கோயிலுக்கு வந்திருந்த இலங்கை யாத்திரிகர்களை மறித்துக் கோஷம் போட்டார்கள். திருச்சி விமான நிலையத்துக்குப் போகிற வழியில் அவர்கள் பஸ்மீது கல் விழுந்தது. 184 பேர் தனி விமானத்தில் திரும்பிப் போனார்கள். செப்டம்பர் 3-ஆம் தேதியே இலங்கை அரசு தன் மக்களுக்கு அறிவித்தது: மறு அறிவிப்பு வரும்வரை தமிழ்நாட்டுக்குப் போக வேண்டாம்.

தமிழ்நாடு போகக் கூடாத ஊர் ஆனது. பெரியம்மாவின் கோஷ்டி கலைந்தது. அண்ணன் போனில் பேசும்போது குரலில் வருத்தத்தைவிடக் கூச்சம்தான் இருந்தது. "பயந்துட்டோம்னு நினைக்காதீங்க தம்பி. வயசான சனத்தைக் கூட்டிக்கிட்டு வாறது, ஏதும் ஒண்ணுன்னா நான்தானே பதில் சொல்லணும்." அம்மாவுக்கு அன்றைக்கு வந்த கோபம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "என் வீட்டுக்கு வாற எங்க அக்காவை யாருடா கல்லெறிவான்? பூண்டி எங்க இருக்கு, விளாத்திகுளம் எங்க இருக்கு!"

அந்தக் கேள்வியைத்தான் 2019-இல் நான் என்னைக் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. கொச்சிக்கடை எங்கே இருக்கிறது, டிக்கோயா எங்கே இருக்கிறது?

ஏப்ரல் 27-ஆம் தேதி நம் வெளியுறவு அமைச்சகம் அறிவிப்பு வெளியிட்டது. இலங்கை போக நினைக்கிற இந்தியர்கள் அவசியமற்ற பயணத்தைத் தவிர்க்க வேண்டும். அவசரமாகவோ அவசியமாகவோ போகிறவர்கள் கொழும்புத் தூதரகத்தையும், கண்டி, யாழ்ப்பாணம், அம்பாந்தோட்டையில் உள்ள அலுவலகங்களையும் உதவிக்கு அணுகலாம். இதைத்தான் அந்த அறிவிப்பு சொன்னது. போகவே கூடாது என்று அதில் இல்லை. நான் நாலைந்து தடவை படித்தேன். அவசியம் எது என்று அரசு எழுதவில்லை. எழுதவும் முடியாது. அதை வீட்டில் உட்கார்ந்து நாங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

மே மாதப் பயணத்தை ரத்து செய்தேன். அந்த முடிவு சரிதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். ஊரடங்கு, தேடுதல் வேட்டை, கட்டிட வாசலில் எல்லாம் துப்பாக்கி. 66 வயது அம்மாவைக் கூட்டிக்கொண்டு அதற்குள் போய் இறங்குவது அண்ணனுக்குத்தான் பாரம். எச்சரிக்கையை அலட்சியம் செய்கிறவன் இல்லை நான். அந்தக் குண்டுகளுக்கும் முன்னெச்சரிக்கை இருந்ததே! தேவாலயங்களும் இந்தியத் தூதரகமும் குறி என்று ஏப்ரல் 4-ஆம் தேதியே இந்திய உளவுத் துறை கொழும்புக்குச் சொல்லியிருந்தது. 11-ஆம் தேதி அது போலீஸ் கடிதமாகவும் சுற்றுக்கு வந்தது. கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை. கோயிலுக்குப் போனவர்களிடம் யாரும் சொல்லவில்லை. கிட்டத்தட்ட நாலு வருஷம் கழித்து, 2023 ஜனவரியில், இலங்கை உச்ச நீதிமன்றம் அன்றைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் இழப்பீடு கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. எச்சரிக்கை இருந்தும் தடுக்கத் தவறியதற்கு. மட்டக்களப்பில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார்களை நினைத்தால் அந்தப் பணத்தை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

மே கடைசியில் நம் அரசு எச்சரிக்கையைத் தளர்த்தியது. பள்ளிக்கூடங்கள் திறந்துவிட்டன, ஊரடங்கு இல்லை, போகிறவர்கள் கவனமாக இருங்கள் என்றது. ஆனால் வீட்டுக்குள் எச்சரிக்கை தளரவில்லை. மாமா, அம்மாவின் தம்பி, நாலு வயதில் கப்பலில் வந்தவர், ஒரேயடியாக மறுத்தார். "ஏம்ப்பா மருமகனே, இத்தனை வருஷம் போகாத அக்கா வீட்டுக்கு இப்ப என்ன? நல்லா அடங்கட்டும், தையில பார்ப்போம்." ஜூன் 9-ஆம் தேதி பிரதமர் கொழும்பு போய் கொச்சிக்கடைக் கோயிலில் நின்றதை டிவியில் காட்டினார்கள். "அவரே போயிட்டு வந்துட்டாரு" என்றாள் அம்மா. "அவருக்கு முன்னாலயும் பின்னாலயும் பாதுகாப்பு இருக்கு. அங்க உனக்கு யாரு இருக்கா?" என்றார் மாமா. "எனக்கு எங்க அக்கா இருக்கா."

தை என்று மாமா சொன்னதுதான் எனக்கு உறுத்தியது. பெரியம்மாவுக்கு 74 வயது. பிப்ரவரியில் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) வாசல் படியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்திருந்தது. அறுவை சிகிச்சை செய்து, கைக்கம்பி வைத்த நடைவண்டியைப் பிடித்துத்தான் நடக்கிறாள் என்று அண்ணன் சொல்லியிருந்தார். எங்கள் கரிசல்காட்டில் புரட்டாசியில் மழைக்கு முன்பே புழுதியில் விதைத்துவிட்டுக் காத்திருப்போம். மழை பெய்யட்டும், ஈரம் பார்த்து விதைப்போம் என்று நிற்கிறவனுக்குக் கரிசலில் மாடு இறங்காது, ஏர் இறங்காது. சேறு காலைப் பிடித்துக்கொள்ளும். பருவம் போய்விடும். அம்மா இதைச் சொல்லவில்லை. அவள் நாற்பது வருஷம் அப்படி விதைத்தவள், சொல்ல வேண்டியதும் இல்லை.

ஒரு நாள் இரவு அண்ணனுக்குப் போன் போட்டு நேராகவே கேட்டேன். வரலாமா? அவர் கொஞ்சம் நேரம் பேசவில்லை. பிறகு, "போன வருஷம் மே மாசம் நான் உங்களுக்கு எடுத்தேனே, நெனவிருக்கா?" என்றார். நினைவிருந்தது. 2018 மே 22, தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிராக ஊர்வலம் போனவர்கள்மீது துப்பாக்கிச் சூடு. 13 பேர் செத்தார்கள். எங்கள் மாவட்டத்தில் இன்டர்நெட்டை நிறுத்திவிட்டார்கள். அண்ணன் இரண்டு நாள் விடாமல் முயன்று போனில் என்னைப் பிடித்து, தூத்துக்குடி மாவட்டம் எரிகிறதாமே, அம்மாவைக் கூட்டிக்கொண்டு எங்காவது போய்விடுங்கள் என்று பதறினார். நாங்கள் அன்றைக்குக் கம்மங்கஞ்சி குடித்துவிட்டு வீட்டில்தான் இருந்தோம். மனசு கனத்திருந்தது, செத்தவர்களை நினைத்து அழுதோம். ஆனாலும் வீட்டில்தான் இருந்தோம். "இங்கயும் அந்த மாதிரிதான் தம்பி. ஒண்ணுமில்லைன்னு சொல்ல மாட்டேன். நாங்க இருக்கோம். அவ்வளவுதான் சொல்லலாம்."

அந்த 'நாங்க இருக்கோம்' எனக்குப் போதுமாக இருந்தது.

ஆகஸ்ட் 1 முதல் இலங்கை அரசு 48 நாட்டுக்காரர்களுக்கு விசாக் கட்டணம் வேண்டாம் என்று அறிவித்தது. இந்தியாவும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. சுற்றுலாவே படுத்துவிட்டிருந்தது, 2018 மே மாதம் 1,29,466 பேர் வந்த நாட்டுக்கு 2019 மே மாதம் வந்தவர்கள் 37,802 பேர். ஆகஸ்ட் 20, செவ்வாய்க்கிழமைக்கு டிக்கெட் போட்டேன். கண்டியில் உள்ள இந்திய உதவித் தூதரகத்தின் போன் நம்பரை ஒரு அட்டையில் எழுதி அம்மாவின் சுருக்குப் பையில் வைத்தேன். பாஸ்போர்ட் நகல் ஒன்றை மாமாவிடம் கொடுத்தேன். பயணக் காப்பீட்டுப் பத்திரத்தை வரி வரியாகப் படித்தபோது, பயங்கரவாதச் செயலால் வரும் நட்டத்துக்குப் பொறுப்பில்லை என்று சிறிய எழுத்தில் இருந்தது. வேறொன்று தேடி, அது சேர்ந்திருக்கிற பத்திரமாக எடுத்தேன். இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. துணிந்து போகிறவர்கள் பலர் பத்திரத்தில் அந்தப் பத்தியைப் படிப்பதே இல்லை.

அதிகாலை மூன்று மணிக்கு வாடகைக் காரில் கிளம்பினோம். புதூர், பந்தல்குடி, அருப்புக்கோட்டை. ஆவணி பிறந்து மூன்று நாள். வெளிச்சம் வந்தபோது இரண்டு பக்கமும் கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. கரிமூட்டத்துப் புகை காட்டுக்குமேல் தணிந்து நின்றது. அம்மா மடியில் ஓலைக் கொட்டான். உள்ளே வேம்பார்க் கருப்பட்டி. பைக்குள் கோவில்பட்டிக் கடலைமிட்டாய், சாத்தூர்ச் சேவு. மாமாவும் காரில் வந்தார். வழியெல்லாம் பேசவில்லை. விமான நிலைய வாசலில் அம்மா கையில் நூறு ரூபாய்த் தாள் ஒன்றைத் திணித்து, "அக்காட்ட குடு. நான் குடுத்தேன்னு சொல்லு" என்றார். அங்கே அந்தத் தாள் செல்லாது என்று அவருக்குத் தெரியும்.

மதுரையிலிருந்து கொழும்பு ஒரு மணி நேரம்கூட இல்லை. கட்டுநாயக்காவில் சுங்கச் சோதனையில் ஸ்கேன் எந்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அதிகாரி கொட்டானைத் திறக்கச் சொன்னார். வட்ட வட்டமாக, கறுப்பாக, அடுக்கி வைத்த பொருள். அந்த நாலு மாதத்தில் அப்படிப்பட்ட உருவத்தைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வரும். அவர் முகம் இறுகியது. அம்மா தானே ஓலையைப் பிரித்து, ஒரு வட்டை எடுத்து விளிம்பில் உடைத்து நீட்டினாள். அவர் வாங்கி முகர்ந்தார். முகம் தளர்ந்தது. பக்கத்தில் இருந்தவரிடம் "தல் ஹகுரு" என்றார். பனைவெல்லத்துக்குச் சிங்களத்தில் அதுதான் பெயர். அம்மா 47 வருஷம் கழித்துக் காதில் விழுந்த சிங்களத்துக்குத் தலையாட்டினாள். "ஹகுரு, ஹகுரு." அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடைத்த துண்டை வாயில் போட்டுக்கொண்டு கையசைத்து அனுப்பினார்.

அன்றிரவு கொட்டாஞ்சேனையில் அண்ணனின் மைத்துனர் வீட்டில் தங்கல். கொச்சிக்கடைக் கோயில் நடக்கிற தூரம். அன்று செவ்வாய்க்கிழமை, அந்தோனியாருக்கு உகந்த நாள். அம்மா போக வேண்டும் என்றாள். சின்ன வயதில் தாத்தா தோளில் உட்கார்ந்து அங்கே மெழுகுவர்த்தி ஏற்றிய ஞாபகம் அவளுக்கு. எங்கள் குடும்பம் மாரியம்மனையும் அய்யனாரையும் கும்பிடுகிற குடும்பம். ஆனால் கொழும்பில் அந்தோனியாருக்கு அந்த வேறுபாடு கிடையாது. சைவர்களும் பௌத்தர்களும் முஸ்லிம்களும் வந்து நிற்கிற சந்நிதி அது. எனக்குத் தயக்கம் இருந்தது, மறைக்கவில்லை. கூட்டம் கூடுகிற இடத்துக்குப் போகாதே என்பதுதான் எல்லா எச்சரிக்கையிலும் முதல் வரி.

போனோம். கடற்படைக்காரர்கள் வேலை செய்து, ஜூன் 12-ஆம் தேதி கோயிலை மீண்டும் திறந்திருந்தார்கள். வாசலில் கம்பித் தடுப்பு, சிப்பாய்கள், பை சோதனை. உள்ளே புதுப் பெயிண்ட் வாசனை இன்னும் இருந்தது. தமிழில் பூசை நடந்துகொண்டிருந்தது. எனக்கு முன்னால் நின்ற பெண்ணின் தோளில் ஒரு குழந்தை தூங்கியது. அவள் ஒரு கையால் குழந்தையின் தலையைப் பிடித்துக்கொண்டு, வாசல் பக்கம் யார் உள்ளே வந்தாலும் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். பிறகு மறுபடி ஜெபம். மறுபடி வாசல். அந்தக் கோயிலுக்கு அவள் வாராவாரம் வருகிறவளாக இருக்கலாம். எனக்கு அந்த ஒரு மணி நேரம்தான் பயம். அவளுக்கு ஒவ்வொரு செவ்வாயும் உண்டு.

மறுநாள் காலை கோட்டை ஸ்டேஷனில் ரயில். பொல்கஹவெல வரை தென்னையும் வயலும். கடுகண்ணாவை ஏற்றம் தொடங்கியதும் அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். நாவலப்பிட்டி தாண்டியதும் தேயிலை. வட்டவளை, ரொசெல்ல என்று ஸ்டேஷன் பெயரைப் பலகை வருவதற்கு முன்பே சொன்னாள். ஒவ்வொரு பெயரும் சரியாக இருந்தது. ஹட்டனில் இறங்கியபோது நாலாயிரம் அடிக்கு மேல் உள்ள குளிர் முகத்தில் அடித்தது. தூறல். அண்ணன் குடையோடு நின்றார்.

லயத்து இஸ்தோப்பில் (திண்ணையில்) பெரியம்மா நடைவண்டியைப் பிடித்தபடி நின்றிருந்தாள். அம்மா படியேறி அருகில் போனாள். நான் எதிர்பார்த்த அழுகை வரவில்லை. பெரியம்மா அம்மாவைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அம்மாவோட தகரப் பொட்டி இருக்கா?"

"இருக்குக்கா. வத்தல் போட்டு வச்சிருக்கேன்."

"பூட்டு?"

"பூட்டு ஒடஞ்சு போச்சு."

அதற்குப் பிறகுதான் பெரியம்மா நடைவண்டியை விட்டுவிட்டு அம்மாவின் தோளைப் பிடித்தாள். மாமா கொடுத்த நூறு ரூபாய்த் தாளை அம்மா நீட்ட, அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

ஐந்து நாள் இருந்தோம். பயணக் கட்டுரையில் எழுதுகிற மாதிரி நாங்கள் எந்த இடத்தையும் சுற்றிப் பார்க்கவில்லை. காலையில் இரண்டு பேரும் இஸ்தோப்பில் உட்கார்ந்து சுளகில் அரிசிக்குக் கல் பொறுக்குவார்கள். பேச்சு அதிகம் இருக்காது. ஒருத்தி புடைக்க, ஒருத்தி பொறுக்க. மதினி கொழுந்து எடுக்கப் போய்விடுவார். அந்த வருஷம் ஜனவரியில்தான் நாள் சம்பளம் 500 ரூபாயிலிருந்து 700 ஆகியிருந்தது. ஆயிரம் கேட்டுப் போராடியவர்களுக்குக் கிடைத்தது அவ்வளவு. அண்ணனின் பேத்தி பள்ளிக்கூடம் போகிற பையைப் பார்த்துத் திகைத்துவிட்டேன். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பை. சோற்றுப் பெட்டி, கணக்கு நோட்டு, பாதி தேய்ந்த ரப்பர், ஒரு மயிலிறகு, எல்லாம் வெளியே தெரிந்தது. குண்டு வெடிப்புக்குப் பிறகு பல பள்ளிக்கூடங்களில் இந்த மாதிரிப் பைதான் கொண்டுவருகிறார்கள் என்றார் மதினி. பிள்ளைக்கு வருத்தம் மயிலிறகைப் பற்றித்தான். எல்லாரும் பார்த்துவிடுகிறார்களாம். அதனால் அதைக் கணக்கு நோட்டுக்குள் வைத்துக்கொண்டு போனது.

ஹட்டன் டவுனில் அண்ணன் வாடிக்கையாகச் சாமான் வாங்குகிற கடைக்காரர் முஸ்லிம். இந்தியாவிலிருந்து வந்தவன் என்றதும் தேத்தண்ணி வரவழைத்தார். எங்கள் ஊர் மிளகாயைப் பற்றி விசாரித்தார். மே மாத நடுவில் குருநாகல் மாவட்டத்திலும் மினுவாங்கொடையிலும் முஸ்லிம்களின் கடைகளையும் பள்ளிவாசல்களையும் உடைத்துக் கொளுத்தியபோது, இங்கே இவரும் கடையை மூடிவிட்டு வீட்டுக்குள் இருந்திருக்கிறார். "சாமான் வாங்க வாற சனம் முகத்தைப் பார்க்காம காசை வச்சிட்டுப் போனிச்சு. முப்பது வருஷமா நான் கடன் குடுத்த சனம்" என்றார். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு, நடந்து வரும்போது என்னிடம் சொன்னார்: சண்டைக் காலத்தில் கொழும்பில் வேலை பார்த்த அவரைத் தமிழன் என்பதற்காக இரண்டு தடவை பிடித்து வைத்திருந்தார்கள். அப்போது தோட்டத்துக்குத் திரும்பி வந்தவரைச் சிங்களக் கடைக்காரர் ஒருவர் இதே மாதிரி முகம் பார்க்காமல் அனுப்பினாராம். "அதை அனுபவிச்சிட்டும் நானும் ரெண்டு வாரம் இவர் கடைக்குப் போகல தம்பி." அதற்கு நான் என்ன சொல்ல?

ஆகஸ்ட் 22-ஆம் தேதியோடு இலங்கையில் அவசரகாலச் சட்டம் முடிந்தது. ஜனாதிபதி அதை நீட்டிக்கவில்லை. அந்தச் செய்தியை மறுநாள் வெள்ளிக்கிழமை காலை அண்ணன் மகிழ்ச்சியோடு படித்துக் காட்டிக்கொண்டிருக்கும்போதே என் போன் அடித்தது. மாமா. "மருமகனே, இங்க தமிழ்நாடு பூரா உஷாரா இருக்கச் சொல்லிருக்கான். இலங்கை வழியா ஆறு பேர் உள்ள வந்துட்டாங்களாம். கோயம்புத்தூர்ல போலீஸ் குவிஞ்சு கிடக்கு. பஸ் ஸ்டாண்டு, கோயிலு, ரயிலு எல்லா இடத்துலயும் சோதனை."

போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். பெரியம்மா கேட்டுக்கொண்டிருந்தாள். அம்மா கையிலிருந்த சுளகை வாங்கிக் கீழே வைத்தாள்.

"அங்க அப்படி இருக்கையில இப்ப எதுக்குப் போற? இன்னும் பத்து நாள் இருந்துட்டு, அடங்கினப்புறம் போ."

அம்மா, "போகணும்க்கா. விதைப்பு வருது" என்றாள்.

"விதைப்பு எங்க ஓடிப் போகுது?"

மாமா அந்தப் பக்கம் இருமினார். அக்காவின் குரலை அவர் கேட்பது அப்போதுதான். "அக்கா" என்றார். பெரியம்மா போனை வாங்கி, எந்தப் பக்கம் பேச வேண்டும் என்று தெரியாமல் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, "தம்பி, நீ வெளிய தெருவ போகாம வீட்டுக்குள்ளயே இரு" என்றாள். 51 வயது மாமா, "சரிக்கா" என்றார்.

அன்று இரவு படுத்துக்கொண்டு பெரியம்மா என்னிடம் பேசினாள். 1977 கலவரத்தில் தோட்டத்தில் அடித்தபோது மூன்று இரவு தேயிலைக்குள் படுத்திருந்தது. 83-இல் டவுன் எரிந்தபோது மலைமேல் நின்று பார்த்தது. அதற்கெல்லாம் நடுவில் ஐந்து பிள்ளை பெற்றது. "உங்களுக்குக் கவர்மெண்ட்டு போகாதன்னு சொல்லுது, நீங்க நிக்கலாம். எங்களுக்கு யாரு சொல்றது? சொன்னாலும் எங்கிட்டுப் போக? இங்கதான் கெடக்கோம்." அதில் குறை சொல்கிற தொனி இல்லை. சொல்லிவிட்டுப் போர்வையை என் காலில் இழுத்துப் போர்த்திவிட்டாள். டிக்கோயாக் குளிர் எனக்குத் தாங்காது என்று அவளுக்குக் கவலை.

திங்கட்கிழமை மதுரையில் இறங்கினோம். விமான நிலையத்தில் சோதனை பலமாக இருந்தது. மாமா காரோடு வந்திருந்தார். அருப்புக்கோட்டை தாண்டியதும் தடுப்பு வைத்துப் போலீஸ் வண்டிகளை நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கிருந்து வருகிறீர்கள் என்ற கேள்விக்கு "கொழும்பு" என்று அம்மா உடனே சொல்லிவிட்டாள். பெட்டியை இறக்கிப் பிரித்தார்கள். மேலே அரைக் கிலோ தேயிலைத் தூள் பொட்டலம், அதற்குக் கீழே பெரியம்மாவின் பழைய கம்பளிச் சட்டை. இளவயதுப் போலீஸ்காரர் பொட்டலத்தை முகர்ந்து பார்த்துவிட்டு, "யாரைம்மா பார்க்கப் போனீங்க?" என்றார்.

"எங்க அக்காவ."

அவர் பெட்டியைத் தானே மூடி, காரில் ஏற்றிவிட்டார்.

புதூர் வந்ததும் அம்மா போனைக் கேட்டாள். நான் போட்டுக் கொடுத்தேன். அண்ணன் எடுத்து, பெரியம்மாவிடம் கொடுப்பது கேட்டது.

"வந்துட்டோம்க்கா. இந்தா வீட்டுக்குப் பக்கத்துல வந்துட்டோம்."

"அங்க எப்படி இருக்கு? போலீஸ் நிக்குதா?"

அம்மா ஜன்னல் வழியே வெளியே பார்த்தாள். உச்சி வெயிலில் கரிசல் வெடித்துக் கிடந்தது. ஒருவர் கோடை உழவு போட்ட காட்டில் வேலிக்கருவை முள்ளைப் பொறுக்கிக் குவித்துக்கொண்டிருந்தார்.

"நின்னாங்க. தேயிலையை மோந்து பார்த்துட்டு விட்டுட்டாங்க" என்றாள் அம்மா. "நீ இடுப்புக்கு எண்ணெய் போட்டியா?"